இன்னொரு சாவி எந்த வீட்டில் இருக்கிறது?

போன வாரம் நம் கம்ப்யூட்டர் கடை வாட்ஸப் குழுவில் உங்களில் ஒருத்தி ஒரு கேள்வி போட்டிருந்தாள். வீட்டிலேயே சின்னதாக ஒரு சர்வர் வைத்து, படம், பாட்டு, குடும்பக் கோப்புகள் எல்லாவற்றையும் அதில் போட்டு டிவியிலும் போனிலும் பார்க்க நினைக்கிறவருக்கு வெளியே மாட்டுகிற டிஸ்க் எதைச் சொல்லலாம், எட்டு டெராபைட்டில் ஒன்றா, நான்கு டிபியில் இரண்டா என்று. உடனே ஆளுக்கொரு லிங்க்கை அனுப்பினீர்கள். ஒருவன் எஸ்எஸ்டிதான் என்றான். இன்னொருவன் அவனை அடிக்காத குறையாகப் பதில் போட்டான். நான் தென்காசியில் கடையை உங்களிடம் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவள், நமக்கென்ன என்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். உங்கள் செல்வியக்கா வாயைப் பொத்திக்கொண்டிருப்பது லேசான காரியமா என்று உங்களுக்கே தெரியும்.

நீங்கள் சொன்னதில் எதுவும் தப்பில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இடத்தின் அளவு, வேகம், விலை எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதற்குள் நான் போகப்போவதில்லை. ஒரு வீட்டுக் கதையைச் சொல்கிறேன். நிதானமாகப் படியுங்கள். கவுண்டரில் ஆள் நின்றால் போனை வைத்துவிட்டு முதலில் அவரைக் கவனியுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. நீங்கள் அனுப்பும் லிங்க்குகளை எழுதுகிறவர்கள் நம் சாரலைப் பார்த்ததில்லை. ஆனி, ஆடியில் குற்றாலத்தை ஒட்டிய வீடுகளில் தீப்பெட்டி பற்றாது, உப்பு கரைந்து நிற்கும், பீரோவுக்குள் இருக்கும் தோல் செருப்பில் பூஞ்சை பிடிக்கும். துவைத்த துணி காய்வதற்குள் அடுத்த துவைப்பு வந்துவிடும். அந்த மாதங்களில் வீட்டில் எது கொஞ்சம் சூடாக இருந்தாலும் அதன்மேல் ஒரு ஈரத்துணி கிடக்கும். பிரிட்ஜின் பின்பக்கம், இன்வெர்ட்டர் தலைமேல், எங்கும் பார்க்கலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மேலகரத்தில் சங்கரபாண்டியன் என்று ஒரு சுபேதார் இருக்கிறார். ராணுவத்தில் வடக்கே பனிமலைப் பக்கமெல்லாம் இருந்துவிட்டு, ஓய்வு பெற்று வந்து வீடு கட்டியவர். சீசன் வந்தால் தினமும் விடிகாலையில் அருவிக்கு நடந்தே போய்க் குளித்துவிட்டு நடந்தே வருவார். அவர் மனைவி கோமதி டீச்சர், பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்தவர். தொண்டையில் வந்த நோய்க்காக அறுவை சிகிச்சை செய்தபோது குரல்வளையையே எடுக்கவேண்டியதாகிவிட்டது. ஆள் நன்றாகத் தேறிவிட்டார், பேச்சு மட்டும் இல்லை. கையில் எப்போதும் ஒரு சிலேட்டு வைத்திருப்பார். போனில் தட்டுவதைவிட அவருக்கு அதுதான் வேகம். எழுத்து முத்து முத்தாக இருக்கும், புள்ளி, கமா எதுவும் தவறாது.

சுபேதார் முதல் தடவை கடைக்கு வந்தபோது டீச்சரும் கூட வந்திருந்தார். பழைய கணினி ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது, அதை சர்வராக ஆக்கித் தரவேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன். பழைய படங்கள் நிறைய சேர்த்து வைத்திருப்பதாகவும், பேரன் பேத்தி போட்டோக்கள் இருப்பதாகவும் சொன்னார். டீச்சர் நம் கடை வாசலில் இருக்கும் பழக்கடையைப் பார்க்க நகர்ந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் பனிமலையில் இருந்த காலத்தில் டீச்சர் போனில் பேசிப் பேசி அனுப்பிய பதிவுகளை ஒன்று விடாமல் வைத்திருந்தார். மகள் கல்யாண வீடியோ, மேலகரம் வீட்டுப் பால்காய்ச்சு வீடியோ, பள்ளி ஆண்டுவிழாவில் டீச்சர் பேசியது, எல்லாம் இரண்டு மூன்று போன்களிலும் ஒரு பென் டிரைவிலுமாகச் சிதறிக் கிடந்தன. டீச்சரின் குரல் இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அவ்வளவுதான்.

"சிலேட்டுல எழுதும்போது அவ வேற ஆளு தங்கச்சி," என்றார். "பாடப்புத்தகம் மாதிரி எழுதுதா. என்னைய ஏசுத கோமதி அந்தப் போனுக்குள்ளதான் இருக்கா. அவ எனக்கு வேணும்."

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் மேசையைத் துடைத்தேன். நம் வேலையில் அழுது நின்றால் வேலை நடக்காது. ஆனால் அன்றைக்கு அழுகை வந்தது, அதை மறைப்பானேன்.

இங்கே உங்களுக்கு முதல் விஷயம். அவர் சொன்ன கணக்கில் பாதிக்குமேல் பழைய படங்கள். அவை போனால் தெருவில் யாரிடமாவது திரும்ப வாங்கலாம். திரும்பக் கிடைக்காதது எது என்று பார்த்தால் கொஞ்சம்தான் தேறும். எத்தனை டிபி என்று கேட்பதற்கு முன்னால் அந்த இரண்டையும் பிரிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் பிரித்ததே இல்லை. பிரிக்க உட்காரும்போதுதான் தங்களிடம் என்ன இருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியும். சுபேதாரும் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பிரித்தார். டீச்சர் பேசுகிற எல்லாவற்றுக்கும் "கோமதி" என்று ஒரு போல்டர் போட்டிருந்தார்.

நான் மேலகரம் வீட்டுக்குப் போனபோது அங்கே ஏற்கெனவே ஒரு பெட்டி வந்து உட்கார்ந்திருந்தது. பெங்களூரில் இருக்கும் மருமகன் வாங்கி அனுப்பியது. இரண்டு டிஸ்க் போடுகிற பெட்டி. ஒன்றில் எழுதுவது மற்றதிலும் தானாகவே எழுதப்படும். நல்ல சாமான்தான், குறை சொல்லமாட்டேன். சுபேதாருக்கு அதன்மேல் அவ்வளவு பெருமை. ஒன்று செத்தாலும் இன்னொன்று காவலுக்கு நிற்கும் என்றார், அந்த நம்பிக்கையில் போன்களிலும் பென் டிரைவிலும் இருந்ததை அழித்தே விட்டிருந்தார். ராணுவக்காரருக்கு அந்த ஏற்பாடு பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

நான் சொன்னேன்: அண்ணாச்சி, இரண்டு காவலாளியும் ஒரே கூண்டில் நிற்கிறார்கள். ஒரு டிஸ்க் மட்டும் கெட்டால் இது காப்பாற்றும். இடி விழுந்தால், கூரை ஒழுகினால், திருடன் தூக்கிக்கொண்டு போனால் இரண்டும் சேர்ந்தே போகும். தப்பாக எதையாவது அழித்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் அழியும். கூடவே சின்னதாகத் தனியாக ஒரு டிஸ்க் வாங்குங்கள், தனி அடாப்டர் எல்லாம் வேண்டாம், கைப்பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோகிற மாதிரி இருந்தால் போதும். கோமதி போல்டரை மட்டும் அதில் ஏற்றி வேறு ஒரு வீட்டில் வையுங்கள்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. கடைக்காரி இன்னொரு சாமானைத் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்று அதில் எழுதியே இருந்தது. உங்களுக்கும் அந்தப் பார்வை கிடைக்கும், கோபப்படாதீர்கள். நான் வேறு பக்கமாகப் போனேன்.

"உங்க வீட்டுக்கு இன்னொரு சாவி இருக்கும்லா. அது யாருகிட்ட இருக்கு?"

இதுதான் பிள்ளைகளே அந்தக் கேள்வி. யாரிடம் ஒரு குடும்பம் தன் வீட்டு இன்னொரு சாவியைக் கொடுத்து வைத்திருக்கிறதோ, அந்த வீடுதான் இரண்டாவது டிஸ்க்குக்கு இடம். யாரை நம்புகிறீர்கள் என்று கேட்டால் யோசித்து யோசித்துப் பொய் சொல்வார்கள். சாவியைக் கேட்டால் உண்மை சட்டென்று வந்துவிடும். இத்தனை வருஷத்தில் எனக்கு இது தவறியதில்லை.

சுபேதார் பெட்டியின் மேலிருந்த தூசியைத் துடைத்தார். அடுக்களை வாசலில் நின்ற டீச்சர் சிலேட்டைத் தூக்கிக் காட்டினார். வடகரை, என்று இருந்தது.

வடகரையில் இருந்தது சுபேதாரின் தம்பி முருகையா. தென்னந்தோப்பும் வயலும் பார்க்கிறவர். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. டீச்சருக்கு அறுவை சிகிச்சை முடிந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார், பேச்சு போனால் போகட்டும், உயிர் இருக்கிறதல்லவா என்று. எல்லாரும் சொல்லக்கூடிய வார்த்தைதான். அண்ணனுக்கு அது நெஞ்சில் குத்திவிட்டது. வெளியே போ என்று விரலை நீட்டிவிட்டார். அதோடு போக்குவரத்து நின்றது. ஆனால் பாருங்கள், பேச்சை நிறுத்தியவர் சாவியைத் திருப்பி வாங்கவில்லை.

அவன் வீட்டில் வைக்கவேண்டாம் என்றார் சுபேதார். கோமதியின் குரல் ஒரு பொருட்டே இல்லை என்று சொன்னவனிடம் அதையே கொடுத்து வைப்பதா என்று கேட்டார். வங்கி லாக்கர் என்றார், மகள் வீடு என்றார். மகள் இருப்பது பெங்களூர். டீச்சர் பேசியது சொந்தக்காரர்கள் போன்களில் இன்னும் கிடைக்கும், மாதம் ஒரு தரமாவது அதை ஏற்ற வேண்டாமா, அதற்கு டவுன் பஸ் போகிற தூரத்தில் இருந்தால்தானே ஆகும் என்றேன். அவர் அசையவில்லை.

டீச்சர் சிலேட்டைத் துடைத்தார். நிதானமாக எழுதி, கணவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"அது என் குரல். நான் சொல்லும் வீட்டில்தான் இருக்கும்."

முற்றுப்புள்ளி கூட வைத்திருந்தார். நான் சின்ன டிஸ்க்கில் கோமதி போல்டரை ஏற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து மாதம் ஒரு தரம் டீச்சர் பஸ் ஏறி வடகரை போய் அதை வாங்கிவந்து, புதிதாகக் கிடைத்ததை ஏற்றி, திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார். டீச்சர் எங்கே போகிறார் என்று சுபேதார் கேட்பதில்லை. பஸ் ஸ்டாண்டு வரை ஸ்கூட்டரில் கொண்டுவிடுவது மட்டும் அவர்தான்.

அடுத்த வருஷம் சீசன் நல்ல உச்சத்தில் இருந்தபோது ஒருநாள் காலையில் சுபேதாரிடம் இருந்து போன். பெட்டி தானாகவே நின்றுவிட்டது என்றார். அந்த 'தானாகவே'யைக் கேட்டதுமே எனக்குச் சிரிப்பு வந்தது. நம் கடைக்கு வருகிற எந்தச் சாமானும் யாரும் தொட்டுக் கெட்டதாக சரித்திரமே இல்லை.

போய்ப் பார்த்தால், பெட்டியின் மேல்பக்கத்துக் காற்றுத் துளைகளில் தண்ணீர் மின்னுகிறது. கருகிய வாசனை. டிவிக்குப் பின்னால் கம்பளிச் சாக்ஸ் ஒன்று விழுந்து கிடந்தது. நான் சாக்ஸைப் பார்த்தேன், சுபேதாரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். டீச்சர் சிலேட்டில் ஒரே ஒரு வார்த்தை எழுதிக் காட்டினார்: "சாக்ஸ்."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. பனிமலையில் இருந்தபோது கூடாரத்துக்குள் எரியும் அடுப்பின்மேல் சாக்ஸைக் காயவைத்துப் பழகிய மனிதர். இங்கே சாரலில் எதுவும் காயவில்லை. பெட்டி மட்டும் எப்போதும் கதகதப்பாக இருந்திருக்கிறது. சீசன் தொடங்கியதிலிருந்து அருவிக்குப் போய்வந்ததும் சாக்ஸை அதன்மேல்தான் விரித்திருக்கிறார். அன்றைக்குச் சரியாகப் பிழியவில்லை. யோசித்துப் பாருங்கள், பனிமலை பார்த்த கையும் குற்றாலச் சாரலும் ஒன்று சேர்ந்தால்தான் இப்படி ஒரு சேதம் நடக்கும். எந்தக் கம்பெனியின் கையேட்டிலும் இதை எழுதியிருக்கமாட்டார்கள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் இரண்டும் நின்றுவிட்டன. பெட்டியின் சுவிட்சை நோக்கியே அவர் கை திரும்பத் திரும்பப் போனது. ஒரு தரம் போட்டுப் பார்க்கலாமா, தலை காயவைக்கிற மெஷினைப் பிடித்தால் ஈரம் போய்விடாதா, பெட்டிக்குள்ளிருந்து டிஸ்க்கைக் கழற்றி நேரே மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இங்கேதான் உங்களுக்கு நிதானம் வேண்டும். வாடிக்கையாளர் பதறும்போது எதையாவது செய்துகாட்ட நம் கையும் பரபரக்கும். சும்மா இருந்தால் வேலை தெரியாதவள் என்று நினைத்துவிடுவாரோ என்று தோன்றும். சும்மாதான் இருக்கவேண்டும். ஈரம் பட்டதை மறுபடி உயிரூட்டிப் பார்ப்பதுதான் மிச்சம் இருப்பதையும் கொல்லும். நான் மின்சார வயரைப் பிடுங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். பெட்டியைத் தொடவேண்டாம், முதலில் வடகரையில் இருப்பது பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்போம் என்றேன்.

வடகரை என்றதும் அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் முழங்காலைத் தடவிக்கொண்டே எழுதினார்: "எனக்குக் கால் வலி. நீங்கள் போய் வாருங்கள்." அதற்குப் பிறகு மாடிக்கு இரண்டு இரண்டு படியாக ஏறிப் போனதை நான் பார்த்தேன். சுபேதார் பார்க்கவில்லை.

அவருடைய பழைய காரில் போனோம். செங்கோட்டை ரோட்டில் மழை கண்ணாடியில் அடித்துக்கொண்டே இருந்தது. சுபேதார் வைப்பரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவன் சொன்னது தப்பில்ல தங்கச்சி. உயிருதான் பெருசு. ஆனா அன்னைக்கு எனக்கு ரெண்டும் வேணும்போல இருந்துச்சு."

நான் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துவிட்டேன்.

தோப்பு ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு, நீங்கள் போய் வாங்கி வாருங்கள் என்றார். குடையைப் பிடித்துக்கொண்டு நான் மட்டும் போனேன். முருகையா வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். உடனே எழுந்து உள்ளே போனார். விதைநெல் வைக்கிற தகர டின்னைத் திறந்து, மேலே பாலிதீன் பையில் பொதிந்து வைத்திருந்த டிஸ்க்கை எடுத்தார். ஈரம் படாத இடம் வேண்டும் என்று டீச்சர் எழுதிக் காட்டினாராம். அந்த வீட்டில் ஈரம் படாமல் காப்பது விதைநெல்லைத்தான், அதோடு சேர்த்து வைத்துவிட்டார். நான் கையை நீட்டினேன். அவர் தரவில்லை.

"கோவிச்சுக்காதீங்க கடைக்காரம்மா. மதினி சொல்லியிருக்காவ, அவிய வரலைன்னா அண்ணன் கையிலதான் குடுக்கணும்னு. வேற யாருக்கும் குடுக்கக்கூடாதாம்."

எனக்கு அப்போதுதான் அந்தக் கால்வலி புரிந்தது. தமிழ் டீச்சர் லேசுப்பட்டவர் இல்லை. மழையில் திரும்பி நடந்து போய், அண்ணாச்சி, எனக்குத் தரமாட்டேன் என்கிறார், நீங்கள்தான் வரவேண்டும் என்றேன். காரின் கதவு திறக்க ரொம்ப நேரம் ஆனது.

இருவரும் வாசலில் எதிரெதிரே நின்றார்கள். அண்ணன் நனைந்துகொண்டு நின்றதைப் பார்த்து முருகையா துண்டை நீட்டினார். சுபேதார் வாங்கித் தலையைத் துடைத்தார். டிஸ்க்கை வாங்கக் கையை நீட்டினார். முருகையா அதைக் கொடுக்கத்தான் போனார். பிறகு என்ன தோன்றியதோ, நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"எம் மவன் டிவியில மாட்டிக் கேப்போம்னான். அண்ணன் இல்லாம நான் மட்டும் கேக்கவான்னு வச்சிட்டேன். நானே கொண்டு வாரேன்."

சுபேதார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காரின் பின்கதவைத் திறந்துவிட்டார். அதுவே அந்த மனிதருக்கு அன்றைக்குப் பெரிய பேச்சு. மேலகரம் வரும்வரை முருகையா அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாருக்கும் உடனே போட்டுக் கேட்கவேண்டும் என்று இருந்தது. எனக்கும்தான். ஆனால் இரண்டில் ஒன்று போய்விட்டால் மிச்சம் இருப்பது பேக்கப் இல்லை, அதுதான் அசல். அசலை வைத்துக்கொண்டு விளையாடக்கூடாது. கடையிலிருந்து புது டிஸ்க் ஒன்று எடுத்து வந்திருந்தேன். முதலில் இன்னொரு நகல், பிறகுதான் கேட்பது என்றேன். பழைய கணினி மெதுவாகத்தான் ஓடும், கல்யாண வீடியோ எல்லாம் இருக்கிறது, மதியச் சாப்பாடு வரைக்கும் ஆகும் என்றும் சொன்னேன். சுபேதாருக்குக் கோபம் வந்தது. வரட்டும். இந்த இடத்தில் நீங்கள் விட்டுக்கொடுத்தால் வேறு எங்கே பிடிவாதமாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

அப்படியாக அண்ணனும் தம்பியும் ஒரே சோபாவின் இரண்டு முனையில் உட்கார்ந்து, நகல் ஏறுவதைக் காட்டித் திரையில் ஊர்ந்த பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று அண்ணன் என்னைக் கேட்பார். சொல்வேன். கொஞ்ச நேரம் கழித்துத் தம்பியும் அதையே என்னைக் கேட்பார். தோப்பு மோட்டார் ஓடுகிறதா என்று அண்ணன் என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? ஓடுகிறது, உள்ளே கம்பிச் சுருளை மாற்றியாயிற்று என்று தம்பி என்னைப் பார்த்துப் பதில் சொன்னார். இரண்டு பக்கமும் செய்தியைக் கடத்துகிற ரவுட்டர் மாதிரி நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அடுக்களையில் இருந்து சாம்பார் தாளிக்கும் மணம் வந்தது. கால்வலிக்காரி அங்கே ஒரு பெரிய சமையலையே முடித்துக்கொண்டிருந்தார்.

பச்சைக் கோடு முடிந்தது. முருகையா அதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்து, மூலையில் வைத்திருந்த குடையை எடுத்தார். வேலை முடிந்ததல்லவா, பஸ்ஸுக்கு நேரமாகிறது, இன்னொரு நாள் கேட்டுக்கொள்கிறேன் என்று என்னிடம்தான் சொன்னார். சுபேதார் அவரைத் தடுக்கவில்லை. தடுக்கவேண்டும் என்று இருந்தது அவருக்கு, அது முகத்திலேயே தெரிந்தது. வார்த்தை வரவில்லை. ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் குரல் போயிற்று என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

நான் என் வேலையைச் செய்தேன். நகல் எடுத்தால் மட்டும் போதாது, திறந்து ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும், அதுவும் முதல் கோப்பை அல்ல, நடுவில் எதையாவது. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தட்டினேன். டிவியில் இந்த வீடுதான் தெரிந்தது, பெயிண்ட் காயாத புது வீடாக. பால்காய்ச்சு அன்று எடுத்தது. முருகையா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலிகளை அடுக்கிவிட்டு, வாசல் பக்கமாக நகர்கிறார். படத்துக்கு வெளியே இருந்து ஒரு பெண் குரல், வெண்கலம்போலக் கணீரென்று வந்தது.

"ஏலே முருகையா, எங்கன நழுவுத? சாப்புடாமப் போனேன்னா காலை ஒடிச்சிருவேன். ஒனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்லே."

முருகையா பள்ளிக்கூடம் போன காலத்தில் அவர்கள் குடும்பத்துக்கு மருமகளாக வந்த மதினி. அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார். கூடத்தில் குடையோடு நின்ற முருகையா அப்படியே நின்றுவிட்டார். கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. டீச்சர் அடுக்களையில் இருந்து வந்தார். கையில் சிலேட்டு இல்லை, வாழை இலை இருந்தது. முருகையா கையில் இருந்த குடையை வாங்கி மூலையில் வைத்தார். தரையில் இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தார்.

சுபேதார் தம்பியின் தோளைப் பிடித்தார்.

"உக்காருலே. அவ சொல்லுதால்லா."